நீரிழிவும் மார்பகப் புற்றுநோயும்: நம் தாய்மார் அறிய வேண்டுவன

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி என்பது பள்ளிச் சான்றிதழோடு முடிந்துவிடுவதன்று. தன் உடலைத் தான் அறிந்துகொள்வதும், மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பொருள் உணர்வதும், ஐயம் தோன்றின் மருத்துவரிடம் தலைநிமிர்ந்து வினவுவதும் கல்வியே. கூலி வேலை செய்தும், குப்பை வாரியும், நடவு நட்டும் நம் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டி நிற்கின்றனர். அவர்களுள் பலர் நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வருகின்றனர். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தியை இதுகாறும் எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. நீரிழிவு உள்ள பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதே அச்செய்தி.

1942-ஆம் ஆண்டு நாகபுரியில் நடைபெற்ற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அச்சமூகத்துப் பெண்கள் அடைந்துள்ள முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார்கள். அப்பெருமகனாரே தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் நீரிழிவினால் பெரிதும் வருந்தியவர். அவர் காட்டிய அளவுகோலை நாம் படிப்புக்கும் பதவிக்கும் மட்டும் பயன்படுத்துதல் போதாது. நம் பெண்களின் உடல்நலத்தையும் அக்கோல் கொண்டு அளத்தல் வேண்டும்.

நீரிழிவு யாது?

நாம் உண்ணும் சோறும் களியும் செரித்துக் குளூக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்தால்தான் ஆற்றலாக மாறும். புகுவதற்குக் கதவு திறந்துவிடுவது இன்சுலின். இது வயிற்றின் பின்புறம் உள்ள கணையத்தில் சுரக்கும் ஓர் இயக்குநீர். 1921-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இதனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். மறு ஆண்டே அது மனிதருக்குச் செலுத்தப்பட்டு, சாவின் விளிம்பில் நின்ற சிறுவர் பலர் உயிர் பிழைத்தனர்.

நீரிழிவில் முக்கியமாக இரு வகைகள் உண்டு. முதல் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. இது பெரும்பாலும் இளம் வயதில் தோன்றும். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கின்றது. ஆனால் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. கதவு எளிதில் திறவாமையால் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகின்றது. பல ஆண்டுகள் இவ்வாறு உழைத்துச் சோர்ந்த பின்னரே இரத்தச் சர்க்கரை உயர்கின்றது. ஆகவே நோய் கண்டறியப்படுமுன்பே நெடுங்காலம் உடலில் இன்சுலின் மிகுந்திருக்கின்றது. இதனை நினைவிற் கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இந்த இரண்டாம் வகையே. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடனும், ஏறத்தாழ 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் முந்தைய நிலையிலும் உள்ளனர் என மதிப்பிட்டது. இது பணக்காரர் நோய் என்ற பழைய எண்ணம் இனிச் செல்லாது.

மார்பகப் புற்று யாது?

உடலின் உயிரணுக்கள் தேவைக்கேற்பப் பெருகுவதும், தேய்ந்தவை மடிவதும் இயற்கை. அவ்வொழுங்கு குலைந்து சில உயிரணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே புற்று. அது மார்பகத்தின் பால் குழாய்களிலோ பால் சுரக்கும் சிறு மடல்களிலோ தோன்றினால் மார்பகப் புற்று எனப்படுகின்றது. 1896-இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூற்பைகளை அகற்றிய பின் ஒரு பெண்ணின் மார்பகப் புற்று சுருங்கியதை எழுதி வெளியிட்டார். சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் பல மார்பகப் புற்றுகளுக்கு உரம்போல் உதவுகின்றது என்பது பிற்காலத்தே விளங்கிற்று.

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ 1,92,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இவ்விரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உலக அளவில் நோயுற்றோர் பத்துப் பேருக்கு மூவர் இறக்கின்றனர். நம் நாட்டிலோ பத்துப் பேருக்கு ஐவர் இறக்கின்றனர். நம் பெண்கள் காலந்தாழ்ந்து மருத்துவமனைக்குச் செல்வதும், தொடங்கிய சிகிச்சையை முடிக்க இயலாமற் போவதுமே இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணங்கள்.

இரண்டிற்கும் உள்ள தொடர்பு

பல நாடுகளில், பல ஆண்டுகள், பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டோர், நீரிழிவு உள்ள பெண்களுக்கு மார்பகப் புற்று தோன்றும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதி எனக் கண்டனர். 2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் கூடி வெளியிட்ட அறிக்கையும் இத்தொடர்பை ஏற்றுக்கொண்டது.

இருபது விழுக்காடு என்றதும் அஞ்ச வேண்டா. நீரிழிவுள்ள நூறு பெண்களில் இருபது பேருக்குப் புற்று வரும் என்பது இதன் பொருளன்று. எடுத்துக்காட்டாக, நீரிழிவு இல்லாத 1,000 பெண்களில் 30 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருமெனக் கொள்வோம். நீரிழிவுள்ள 1,000 பெண்களில் அது 36 பேராகும். எஞ்சிய 964 பேருக்கு வருவதில்லை. தனியொருத்திக்கு இது சிறிய ஏற்றமே. ஆனால் கோடிக்கணக்கானோருக்கு நீரிழிவு உள்ள நாட்டில் அச்சிறிய ஏற்றமே பல்லாயிரம் குடும்பங்களின் துயரமாகின்றது. விகிதத்தைக் கேட்டு நடுங்குவதும் தவறு. சிறியதென்று தள்ளுவதும் தவறு.

மேலும் சில விளக்கங்கள் தேவை. இத்தொடர்பு இரண்டாம் வகை நீரிழிவுக்கே உரியது. முதல் வகையில் இவ்வாறு காணப்படவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களிடமே இது தெளிவாகத் தென்படுகின்றது. உடற்பருமன் இவ்விரு நோய்களுக்குமே பொதுவான காரணம். ஆதலின் பருமனைக் கழித்துக் கணக்கிட்டால் தொடர்பு குறைகின்றது, ஆயினும் முற்றிலும் மறைவதில்லை.

எவ்வாறு நேர்கின்றது?

மூன்று வழிகளை அறிஞர் கூறுகின்றனர். முதலாவது, முன்னர்க் கூறிய மிகை இன்சுலின். இன்சுலின் கதவு திறக்கும் காவலன் மட்டுமன்று. உயிரணுக்களை வளரச் செய்யும் தூண்டுகோலும் ஆகும். மிகுந்த இன்சுலின் நெடுநாள் உடலில் இருப்பின், நெறிதவறிய உயிரணுக்களும் அத்தூண்டுதலைப் பெறுகின்றன.

இரண்டாவது, ஈஸ்ட்ரோஜன். இரத்தத்தில் இவ்வியக்குநீரைக் கட்டிவைக்கும் ஒரு புரதம் உண்டு. அதனைக் கல்லீரல் உண்டாக்குகின்றது. இன்சுலின் மிகும்போது அப்புரதம் குறைகின்றது. கட்டவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் மிகுகின்றது. மாதவிலக்கு நின்ற பின் சூற்பை ஓய்ந்துவிடினும், உடற்கொழுப்பு வேறு இயக்குநீர்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கின்றது. அவ்வயதில் கொழுப்பு மிகுந்தால் ஆபத்து மிகுவது இதனாலேயே.

மூன்றாவது, கனன்று கொண்டிருக்கும் அழற்சி. வயிற்றுப் பகுதியில் திரளும் கொழுப்பு, வெளியே தெரியாத மெல்லிய அழற்சியை உடலெங்கும் ஓயாது உண்டாக்குகின்றது. அது புற்று வளர்தற்கு ஏற்ற சூழலை அமைக்கின்றது.

மருந்தைப் பற்றிய அச்சங்கள்

இன்சுலின் உயிரணுக்களை வளர்க்கும் என்றவுடன், ஊசி போட்டுக்கொள்வோர் அஞ்சி நிறுத்திவிடலாகாது. 2009-இல் ஒருவகை நீண்டநேர இன்சுலினைக் குறித்து இத்தகைய ஐயம் எழுந்தது உண்மை. ஆனால் 12,500-க்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2012-இல் முடிவு வெளியிட்ட பெரும் ஆய்வில் அதனால் புற்றுநோய் மிகவில்லை எனத் தெரிந்தது. மருந்தை நிறுத்துவதால் வரும் கேடு உறுதியானது: கண் மங்கும், சிறுநீரகம் கெடும், கால் புண்படும்.

இதற்கு எதிர்மாறான நம்பிக்கையும் உண்டு. மெட்பார்மின் மாத்திரை புற்றுநோயையும் தீர்க்கும் என்று சிலர் கூறினர். நீரிழிவு இல்லாத, மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற 3,600-க்கும் மேற்பட்டோரிடம் அதனைச் சோதித்தனர். நோய் திரும்பாமற் காக்கும் பயன் கிட்டவில்லை என 2022-இல் அறிவித்தனர். மெட்பார்மின் நீரிழிவுக்கு நன்மருந்து. அதன் எல்லை அதுவே.

இரு நோயும் ஒருங்கே வரின்

மார்பகப் புற்று உள்ளோருள் நீரிழிவும் உடையோர் இறக்கும் வாய்ப்பு, அஃதில்லாதோரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என 2011-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டிற்று. இறப்புக்குப் புற்று மட்டுமே காரணமன்று. இதயமும் சிறுநீரகமும் பழுதுறுவதும் காரணம். புற்றுக்கான மருந்துகளுடன் தரப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை உயர்த்தும். சர்க்கரை உயர்ந்தால் கிருமிகள் எளிதில் தொற்றும். சில மருந்துகளால் கைகால் மரத்துப்போகும். நீரிழிவால் முன்பே நரம்பு தளர்ந்தோருக்கு அது மிகும். ஆகவே புற்றுநோய் மருத்துவரிடம் செல்லும்போது நீரிழிவுச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுதல் கட்டாயம். ஒரு மருத்துவர் தரும் மருந்தை மற்றவர் அறியாதிருத்தல் தீங்கு.

நம் குடும்பங்களில் நிலவும் மூன்று தவறான எண்ணங்கள் உயிரைக் கொள்ளை கொள்கின்றன. அவற்றை இங்கே வெளிப்படையாகச் சொல்வோம்.

ஒன்று: நீரிழிவுள்ள பெண்ணின் மார்பில் கட்டியோ சிவப்போ புண்ணோ தோன்றினால், இது சர்க்கரைக் கட்டி, ராஜபிளவை என்று கூறிப் பற்றுப் போட்டு நாளைக் கழிப்பது. நீரிழிவுள்ளோருக்குச் சீழ்க்கட்டி வருவது உண்மையே. ஆனால் புற்றின் ஒரு வகை சீழ்க்கட்டியைப் போலவே சிவந்து வீங்கும். மருந்துண்டும் ஆறாத வீக்கத்தை மருத்துவர் மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

இரண்டு: சர்க்கரை உள்ளவருக்குக் கத்தி வைத்தால் புண் ஆறாது என்று அறுவையை மறுப்பது. இன்சுலின் கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர்ந்து அறுவை செய்வது இன்று நாள்தோறும் நடக்கும் செயல்.

மூன்று: ஊசி குத்திச் சதை எடுத்தால் புற்று பரவிவிடும் என்பது. அச்சோதனையின்றி நோயின் வகை தெரியாது. வகை தெரியாமல் மருந்து இல்லை. பரவுவது ஊசியாலன்று, காலத்தாழ்வினால்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, மாத்திரை வாங்கும் நாளை மார்பகச் சோதனைக்கும் உரிய நாளாக்குதல். நம் தாய்மார்கள் மாதந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கின்றனர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பலருக்கு மாத்திரை வீட்டு வாயிலுக்கே வந்தது. சர்க்கரையைப் பார்க்கின்றனர், இரத்த அழுத்தத்தைப் பார்க்கின்றனர். மார்பகத்தைப் பார்க்குமாறு நாம் கேட்பதில்லை. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூவிடப் புற்றுகளுக்கும் சோதனை செய்ய வேண்டுமென்பது இந்திய அரசின் நெறிமுறை. அது சலுகையன்று, உரிமை. கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இச்சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. மும்பையின் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,50,000 பெண்களைக் கொண்டு டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகத்தைச் சோதித்தனர். 2021-இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டோரிடம் நோய் முற்றுமுன்பே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே மார்பகப் புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் அக்குறைவு காணப்படவில்லை. நீரிழிவுத் தொடர்பு வலுப்படும் வயதும், கைச்சோதனை உயிர் காக்கும் வயதும் ஒன்றாகவே இருப்பதை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்ற மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பெண்களே இதனைச் செய்தனர் என்பதை நம் படித்த பெண்மக்கள் குறித்துக்கொள்க. இப்பணிக்கு நீங்களும் தகுதியுடையவர்கள்.

இரண்டாவது, குறிகளை அறிதல். வலியில்லாக் கட்டி, அக்குளில் கட்டி, தோலில் குழிவு, ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவை தோன்றின் ஒரு வாரமும் தாழ்த்தலாகாது. கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல. ஆயினும் அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய செய்தியன்று.

மூன்றாவது, நீரிழிவையே தடுத்தல். நம் நாட்டவர் பார்வைக்கு ஒல்லியாயினும் வயிற்றில் கொழுப்பு சேரும் இயல்பினர். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை கொள்க. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. சிறப்பு அறிவுரை ஏதுமின்றி விடப்பட்டோருள் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு அடைந்தனர். உணவைத் திருத்தி, நாளும் அரைமணி நேரமேனும் விரைந்து நடந்தோருள் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. ஊழ்வினை என்று கிடப்பதற்கு இதில் இடமில்லை.

வயலில் நாளெல்லாம் குனிந்து நிமிர்பவளிடம் போய் நடை பழகு என்று கூறுவது பொருந்தாது. அவள் உழைப்பே உடற்பயிற்சி. ஆனால் வயலை விட்டுத் தையல் ஆலையிலும் அலுவலகத்திலும் அமர்ந்து பணிபுரியும் நம் மகளிர் நிலை வேறு. உழைப்பு மாறிவிட்டது, தட்டில் குவியும் சோற்றின் அளவு மாறவில்லை. நியாயவிலைக் கடை அரிசி நம் வயிற்றுப் பசியைப் போக்கியது. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. சோற்றைச் சிறிது குறைத்து, பருப்பும் கீரையும் காயும் கூட்டுக. கேழ்வரகும் கம்பும் இடையிடையே சேர்க்க. வேலையிடத்தில் பசியை மறைக்கக் குடிக்கும் தேநீரில் சர்க்கரையைக் குறைக்க. களியாயினும் அளவு வேண்டும்.

நான்காவது, தாய்ப்பால். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் மார்பகப் புற்று வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகின்றது. பாலூட்டிய தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் குறைகின்றது. ஒரே செயலால் இரு நோய்க்கும் அணை. பேறுகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்கள், குழந்தை பிறந்தபின் அது மறைந்தாலும் ஆண்டுதோறும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்க.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் வீடுகளில் தாயின் நோய் எப்போதும் கடைசியில்தான் கவனிக்கப்படுகின்றது. ஒரு நாள் கூலி போய்விடும் என்று அவளே ஒத்திவைக்கின்றாள். மார்பகம் என்ற சொல்லைப் பிள்ளைகள்முன் சொல்ல நாணுகின்றாள். ஆண் மருத்துவர் இருப்பாரோ, தன் ஊரையும் தெருவையும் கேட்டு இழிவாக நடத்துவாரோ என்று தயங்குகின்றாள். இத்தயக்கம் வெறும் கற்பனையன்று. தலைமுறை தலைமுறையாகப் பட்ட அவமதிப்பின் தழும்பு. அவளைத் தனியே அனுப்பிவிட்டு, ஏன் போகவில்லை என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. படித்த மகனும் மகளும் உடன் செல்லுதல் வேண்டும்; சீட்டை வாங்கிப் படித்தல் வேண்டும்; மரியாதைக் குறைவு நேர்ந்தால் அமைதியாகவும் உறுதியாகவும் கேட்டல் வேண்டும். படிப்பின் பயனைத் தாய் முதலில் துய்க்கட்டும்.

டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சிற் சுமந்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை உருவாக்கினார். ஒரு குடும்பத்தின் துயரம் பல்லாயிரம் குடும்பங்களுக்குத் துணையாயிற்று. அத்துணைப் பெரிய செயலை எல்லோராலும் செய்ய இயலாது. ஆனால் நம் தெருவில் நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் பெண்கள் யாவர் என்று ஒரு பட்டியல் எழுதுவது இயலும். அவர்களுள் மார்பகச் சோதனை செய்துகொள்ளாதவர் யாவர் என்று நம் கழகத்து மகளிர் உறுப்பினர்கள் வீடு வீடாகச் சென்று கேட்பது இயலும். ஒரு நாள் குறித்து, பத்துப் பேராகக் கூடிச் சுகாதார நிலையத்திற்குச் செல்வது இயலும். தனியே செல்ல நாணுபவள் பத்துப் பேருடன் நாணமாட்டாள்.

வெள்ளி விழா ஆண்டின் பணியாக இதனை மேற்கொள்வோம். இவ்வாண்டு முடியுமுன் நம் பகுதியில் நீரிழிவுள்ள ஒவ்வொரு தாயும் ஒருமுறையேனும் மார்பகச் சோதனை செய்துகொண்டாள் என்னும் நிலையை உண்டாக்குவோம். அப்பட்டியலை எழுதும் நோட்டு இன்று மாலையே திறக்கப்படட்டும்.